மொய், வரி, உண்டியல்: ஊர் கூடிப் பணம் சேர்க்கும் மூன்று வழிகள்

ஓசூரில் இப்போ ஒருத்தருக்கு அவசரமாகப் பணம் தேவைன்னா வழி ஒண்ணுதான். வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி, கூடவே ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டின் போட்டோ, கீழே ஒரு க்யூஆர் கோடு. அரை மணி நேரத்தில் இருபது பேர் "அனுப்பிட்டேன்" என்று போடுவார்கள். மறுநாள் அந்தச் செய்தி மேலே எங்கேயோ போய்விடும். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, என்ன செலவானது, அந்த ஆள் இப்போ எப்படி இருக்கார் என்பது யாருக்கும் தெரியாது.

வசதியான முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஊர் கூடிப் பணம் சேர்ப்பதில் நம்மிடம் இதைவிட நன்றாக யோசித்துச் செய்த முறைகள் இருக்கின்றன. கொஞ்ச நாளாக அவற்றைப் படித்தும் விசாரித்தும் குறிப்பெடுத்துக்கிட்டு இருக்கேன். எனக்குத் தெரிந்தவரை மூன்று வகை: மொய், தலைக்கட்டு வரி, உண்டியல். மூன்றிலும் பணம் கைமாறுகிறது என்றாலும், மூன்றும் மூன்று வேறு இயந்திரங்கள். ஒன்றை வைக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றை வைத்தால் காரியம் கெடும்.

மொய்: கணக்கு எழுதிய அன்பு

கல்யாண வீட்டில் மொய் எழுதுவது எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல் மொய்க்காகவே விருந்து வைக்கும் பழக்கம் தஞ்சை மாவட்டத்தின் தெற்கிலும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கிலும் இருக்கிறது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, கறி விருந்து வைப்பார்கள். சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுமிடத்துக்குப் போய், பேரையும் ஊரையும் சொல்லிப் பணத்தைக் கட்டணும். செலவைக் குறைக்க நாலைந்து பேர், சில சமயம் இன்னும் அதிகம் பேர், ஒரே பந்தலில் சேர்ந்து நடத்துவதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு, தனி எழுத்தர். பெரிய விருந்துகளில் பணம் எண்ணும் இயந்திரம் வரும், காவலுக்கு ஆள் நிற்கும். லட்சங்களில் வசூல் சாதாரணம், சிலருக்குக் கோடியைத் தொட்டதாகவும் செய்திகள் வந்திருக்கின்றன.

இது அன்பளிப்பு இல்லை. வட்டியில்லாக் கடன். ஒருவர் பொதுவாக ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் விருந்து வைப்பார். இடைப்பட்ட காலத்தில், தனக்கு மொய் செய்தவர்கள் விருந்து வைக்கும்போதெல்லாம் போய்த் திருப்பிச் செய்வார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 பேர் தலைக்கு 1,000 ரூபாய் செய்தால் கையில் 5 லட்சம். கிணறு வெட்டலாம், தென்னை வைக்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். திருப்ப வேண்டியது ஒரே நாளில் வராது. 500 கடன்களும் ஐந்து வருஷத்தில் பரவிக் கிடக்கும், சராசரியாக வருஷத்துக்கு 100 விருந்து, ஒரு லட்சம் ரூபாய். மொத்தமாக வாங்கி, சில்லறையாகத் திருப்புவது. வங்கி செய்யும் அதே வேலை, வட்டியும் இல்லை, ஈடும் இல்லை.

ஈடு இல்லாமல் எப்படி ஓடுகிறது? நோட்டும் மைக்கும்தான் ஈடு. யார் எவ்வளவு செய்தார் என்பது பல பேர் முன்னால் எழுதப்படுகிறது. அந்த நோட்டு வீட்டில் நகை, பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக இருக்கும், அப்பா காலத்துக்குப் பிறகு பிள்ளைக்கு வரும். திருப்பிச் செய்யாதவர் பேர் ஊர் முழுக்கப் பரவும். இப்போ பல ஊர்களில் லேப்டாப்பில் எழுதி, கையோடு ரசீது அச்சடித்துக் கொடுக்கிறார்கள். மென்பொருள்காரனாக இதைப் பார்க்கும்போது எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இதில் மையக் கணக்கே கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். என் நோட்டில் வரவாக இருப்பது உங்கள் நோட்டில் செய்த மொய்யாக இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகாவிட்டால் சாட்சி சொல்லப் பந்தலே இருக்கிறது.

சீட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். சீட்டில் இருபது பேர் என்றால் இருபது மாதத்தில் முடிந்துவிடும், எல்லோரும் அவரவர் வழியில் போகலாம். மொய்க்கு முடிவுத் தேதி கிடையாது.

ஏன் சரியாகத் திருப்பக் கூடாது?

நீங்கள் எனக்கு 1,000 செய்திருந்தால், நான் உங்களுக்கு 1,000 மட்டும் செய்வது மரியாதை இல்லை. 1,500 செய்யணும். ஆயிரம் பழைய மொய்யைக் கழிக்கும், ஐநூறு புது மொய். இப்போ நீங்கள் எனக்குக் கடன்.

இதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால், ஐந்து வருஷம் கழித்து வரும் 1,000 ரூபாயின் மதிப்பு இன்றைய 747 ரூபாய்தான். கூடுதலாகச் செய்வது அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. ஆனால் பெரிய காரணம் வேறு. கணக்குச் சரியாகத் தீர்ந்துவிட்டால் உறவும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். "இத்தோட சரி" என்று சொல்பவர்தான் சரியாகத் திருப்புவார். நைஜீரியாவின் டிவ் மக்களிடம் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததை அதே அளவில் திருப்பக் கூடாது, கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கணும் என்ற வழக்கம் இருந்ததை மானிடவியலாளர் லாரா போஹனன் எழுதினார். டேவிட் கிரேபர் 2011-இல் கடனைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில் அதை எடுத்துக் காட்டுகிறார். நாம் 101, 501, 1,001 என்று ஒரு ரூபாய் சேர்ப்பதிலும் இதே வாடை அடிக்கிறது. பூஜ்யத்தில் முடியக் கூடாது.

ஓசூரில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சுவாரசியம் இருக்கிறது. அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடத்தில் இதே பழக்கத்துக்கு 'முய்யி' என்று பேர். விசேஷ வீட்டில் வைக்கும் பணமும் முய்யிதான், ஒருவர் செய்ததற்குப் பதில் செய்வதும் முய்யிதான். 'முய்யிகெ முய்யி' என்றால் பழிக்குப் பழி! ஒருவர் நிலத்தில் இன்னொருவர் வேலை செய்து, பதிலுக்கு அவர் இவர் நிலத்தில் வந்து செய்வதை 'முய்யாளு' என்பார்கள். நல்லதோ கெட்டதோ, வாங்கினதைத் திருப்பணும் என்பதுதான் அந்தச் சொல்லின் உள்ளே இருக்கிறது. தெலுங்கில் கல்யாணத்தில் வைக்கும் பணத்துக்குப் பேர் 'சதிவிம்புலு', அதாவது படித்துச் சொல்வது. யார் எவ்வளவு வைத்தார் என்று சபையில் வாசிப்பதால் வந்த பேர். தமிழில் மொய் என்றால் கூட்டமாகத் திரள்வது என்றும் பொருள் உண்டு. கூட்டம், பதில் செய்தல், உரக்கப் படித்தல். மூன்று மொழியும் ஒரே ஏற்பாட்டின் மூன்று பாகங்களைப் பிடித்து வைத்திருக்கின்றன.

வரியும் உண்டியலும்

இரண்டாவது வகை தலைக்கட்டு வரி. ஊர்த் திருவிழாவுக்கு, கோயில் வேலைக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்வது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் படித்து, இரவில் கூத்து ஆடி, கடைசியில் துரியோதனன் படுகளம் போடுவார்கள். இவ்வளவு பெரிய விழா பெரும்பாலும் வீட்டு வரியிலும், மேலே விரும்பிக் கொடுப்பவர்கள் பணத்திலும்தான் நடக்கிறது. வரியில் யாருக்கும் எதுவும் திரும்பி வராது. பணக்காரரும் ஏழையும் ஒரே அளவு கொடுப்பதால் கூத்து பார்க்க எல்லோருக்கும் ஒரே உரிமை. அதேபோல, வரி வாங்க மறுப்பது ஒரு குடும்பத்தை ஊரிலிருந்து ஒதுக்குவதற்குச் சமம். யாரிடம் வரி வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை என்று பார்த்தாலே அந்த ஊரின் சாதிக் கணக்கு தெரிந்துவிடும்.

மூன்றாவது உண்டியல். கொடுத்தவர் பேர் தெரியாது, அளவு தெரியாது, திரும்பி வராது. வாட்ஸ்அப் க்யூஆர் கோடு இந்த வகை. ஒரு பிடி அரிசி, துண்டேந்தி வசூல், ரயிலில் தகரப் பெட்டி எல்லாம் இதில் அடங்கும்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க மூன்று கேள்வி போதும். கொடுத்தது யார் என்று யாருக்குத் தெரியும்? திரும்பி வருமா? கணக்கை யார் கேட்கலாம்? மொய்யில் எல்லோருக்கும் தெரியும், திரும்பி வரும், கொடுத்தவர் கேட்கலாம். வரியில் ஊருக்குத் தெரியும், வராது, ஊரே கேட்கலாம். உண்டியலில் தெரியாது, வராது, கேட்க ஆளில்லை. உண்டியலின் பலவீனம் அந்தக் கடைசி பதிலில் இருக்கிறது.

மொய் உடையும் இடம்

மொய்யைக் கொண்டாடி எழுதுபவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, அது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அடி விழுந்தால் தாங்காது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை தென்னந்தோப்புகள் சாய்ந்தன. தென்னை மறுபடி காய்க்க வருஷங்கள் ஆகும். உங்களுக்குத் திருப்ப வேண்டிய 500 பேரும் அதே புயலில் தோப்பை இழந்தவர்கள். அடுத்த பருவங்களில் மொய் வசூல் சரிந்ததாகச் செய்திகள் வந்தன, பின்னாடியே கொரோனா வந்தது. ஒருத்தர் வீடு எரிந்தால் ஊர் தாங்கும். ஊரே எரிந்தால் வெளியூர் வேண்டும்.

இரண்டு, திருப்ப முடியாதவர் அதில் நுழையவே முடியாது. நிலமில்லாதவர், ஆண் துணை இல்லாத வீடு, வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவர், இவர்களுக்கு யார் மொய் எழுதுவார்? உள்ளே இருப்பவர்களிலும், மொய் திருப்ப வட்டிக்கு வாங்குகிற குடும்பங்கள் உண்டு. வட்டியில்லாக் கடனை வட்டிக்கு வாங்கி அடைப்பது!

இந்த இரண்டுக்கும் அதே மாவட்டத்திலேயே ஒரு பதில் முளைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் மொய் விருந்தின் வடிவத்தை எடுத்து, உள்ளே இருக்கும் கடனைக் கழற்றிவிட்டார். அன்றைக்கு டீக்கு விலை கிடையாது. குடித்தவர் விரும்பியதைப் பாத்திரத்தில் போடலாம், மொத்தமும் நிவாரணத்துக்குப் போகும். கொரோனா நிவாரணத்துக்கு இப்படிச் செய்தார். 2022-இல் பொருளாதார நெருக்கடியில் இருந்த இலங்கை மக்களுக்காகவும் செய்தார். இது உண்டியல்தான். ஆனால் கடை வாசலில், பேர் தெரிந்த ஆள் முன்னால், டீ குடித்துக்கொண்டே போடும் உண்டியல். 'மொய்' என்ற சொல் அந்த ஊரில் என்ன பொறுப்பைக் குறிக்குமோ, அந்தப் பொறுப்பு அந்தப் பாத்திரத்தின் மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஓசூருக்கு வருவோம்

ஓசூர் வந்தவர்களின் ஊர். 1970-களில் சிப்காட் வந்தது, 1980-களின் முடிவுக்குள் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் வந்துவிட்டன. 2019-இல் மாநகராட்சி ஆனது. என் தெருவிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, ஒடியா, இந்தி எல்லாம் கேட்கும். ஆடி மாதம் லீவு போட்டு மொய் செய்யப் பேராவூரணிக்குப் போகிறவர் இங்கே வேலை பார்க்கிறார், ஆனால் இந்தத் தெருவில் அவருக்கு மொய் நோட்டு கிடையாது. மொய் ஓட வேண்டுமானால் ஐந்து வருஷம் கழித்தும் நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று நம்பிக்கை வேண்டும். பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் அது வராது. வரி போட ஊர்க்கூட்டமும் இல்லை. ஆக மிச்சம் உண்டியல்.

எங்கள் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், ராத்திரி ஷிஃப்டுக்கு பைக்கில் போகும்போது லாரி உரசிக் காலில் பலத்த அடி. குழுவில் க்யூஆர் கோடு வந்தது, பணமும் வந்தது. ஒரு வாரத்தில் முணுமுணுப்பும் வந்தது. "எவ்வளவு சேர்ந்துச்சாம்?" "அவங்க சொந்தக்காரங்க எதுவும் போடலையாமே?" யாரும் நேரில் கேட்கவில்லை. கடைசியில் பெரியவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் பத்து நாற்காலி போட்டு, டீயும் போண்டாவும் சொல்லி, எல்லோரையும் கூப்பிட்டார். கணக்கைச் சத்தமாகப் படித்தார்கள்.

அங்கே இரண்டு விஷயம் நடந்தது. முதலில், பின்வரிசையில் நின்ற ஒருத்தர், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை பார்ப்பவர், "அவருக்கு ஈ.எஸ்.ஐ. நம்பர் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், பணிக்கால விபத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2010-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்கு உதவித்தொகை உண்டு. குழுவில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருத்தரும் இதை எழுதவில்லை. க்யூஆர் கோடு 'எவ்வளவு தருவீங்க' என்றுதான் கேட்கும், 'என்ன தெரியும் உங்களுக்கு' என்று கேட்காது. அதே பேச்சில் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் வந்தது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் நிறைந்த எல்லை ஊரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது விஷயம் அவருடைய தம்பி சொன்னது. "அண்ணன் சொல்லி அனுப்பினாருங்க. யார் யார் எவ்வளவு போட்டாங்கன்னு எழுதிக் கொடுத்துடுங்க. காலம் வரும்போது செய்றோம்."

சிலர் "அதெல்லாம் வேணாம் தம்பி" என்றார்கள். நல்ல மனசோடதான் சொன்னார்கள். ஆனால் அவர் கேட்டது பட்டியல் மட்டும் இல்லை. உண்டியலில் வாங்கியவராக இல்லாமல், மொய் வாங்கியவராக இருக்க விரும்பினார். உண்டியலில் வாங்குபவர் நன்றி சொல்ல மட்டும்தான் முடியும். மொய் வாங்கியவர் நாளைக்கு நம் வீட்டுப் பந்தலில் நிமிர்ந்து வந்து உட்காரலாம். பேர் சொல்ல விரும்பாதவர்களை விட்டுவிட்டு ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தோம். அவர் பிறகு அதே தெருவில் இன்னொரு வீட்டு இழவுக்கு 201 ரூபாய் வைத்தார். கணக்குப்படி அது சின்னத் தொகை. ஆனால் அந்த நோட்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

பணமும் பேச்சும் ஒரே மேடையில்

பணம் கேட்பதையும் வாதம் செய்வதையும் ஒரே கூட்டத்தில் வைத்துக்கொள்வது புதுசு இல்லை. 1933 நவம்பர் முதல் 1934 ஆகஸ்ட் வரை காந்தி தீண்டாமைக்கு எதிராக நாடு முழுக்கப் பயணம் போனார். சுமார் 12,500 மைல், சேர்ந்தது சுமார் 8 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டுக்கும் வந்தார். வரவேற்புப் பத்திரங்களையும் பரிசுகளையும் மேடையிலேயே ஏலம் விட்டார். கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கினார். அதே மேடையில் கோயில் நுழைவைப் பற்றிப் பேசினார், எதிர்ப்பவர்களுக்குப் பதில் சொன்னார். காசு போட்டவர் அந்த வாதத்தில் ஒரு பக்கம் நின்றதாக ஆகிவிடுகிறார். வீட்டிலிருந்தபடி மணியார்டர் அனுப்பியிருந்தால் அது நடந்திருக்காது.

இதையெல்லாம் வைத்து, ஓசூர் மாதிரி ஊரில் தெருவிலோ அடுக்குமாடியிலோ பணம் சேர்ப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்:

பணம் ஃபோனில் வரட்டும், கணக்கு நேரில் படிக்கப்படட்டும். ஒரு டீ செலவு அதற்குத் தகும்.

முதல் கேள்வி 'எவ்வளவு வேணும்' என்று இருக்கக் கூடாது, 'இவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கணும்' என்று இருக்கணும். நம்ம பணம் அதற்கு மேலே வைப்பது, அதற்குப் பதிலாக வைப்பது இல்லை.

கூட்டத்தில் குறைந்தது இரண்டு மொழியில் பேசணும். தமிழில் மட்டும் படித்தால் பாதித் தெரு வெளியே நிற்கும்.

வாங்குபவரிடம் கேளுங்கள்: பட்டியல் வேணுமா, வேண்டாமா? சிலருக்குப் பேர் தெரியாமல் இருப்பது மரியாதை. சிலருக்குப் பேர் தெரிந்து, ஒரு நாள் திருப்பிச் செய்வதுதான் மரியாதை. இதைக் கொடுப்பவர்கள் முடிவு செய்யக் கூடாது.

மிச்சப் பணத்தை என்ன செய்வது என்று சேர்ப்பதற்கு முன்பே சொல்லிவிடணும். சண்டை பெரும்பாலும் வருவது இதில்தான்.

அடுத்து, தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர், சூளகிரிப் பக்கத்துப் பழைய மொய் நோட்டுகளைப் பார்க்கணும் என்று ஆசை. ஒரே நோட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று எழுத்திலும் கையெழுத்து இருக்கும் என்று கேள்விப்பட்டேன். யார் வீட்டுப் பரணிலாவது அப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். தொகைகளை வெளியே சொல்ல மாட்டேன்.